பின்மூடியில் 0417 என்று இருக்கும் ஸ்பைடர்மேன் வாட்ச்சை வாங்காதீர்கள்

முதலில் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு டயல். அதில் வெள்ளிக் கோடுகளாய்ச் சிலந்தி வலை. ஆறு மணி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பைடர்மேன் முகமூடி. கறுப்புத் தோல் வார், தகரப் பெட்டி, உள்ளே ஒரு சான்றிதழ் அட்டை. பின்மூடியில் 0417/1000, அதாவது ஆயிரத்தில் 417-வது, என்று இருக்கும். லிமிடெட் எடிஷன், முழுக்க ஸ்டீல், வெளிச்சத்தில் இயங்குவது, பேட்டரி மாற்றவே வேண்டாம், 100 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். இதில் ஒன்றுகூட உண்மையில்லை. எட்டு மாதம் சேர்த்த பணத்தைக் கொடுத்து அதை வாங்கியவள் நான்.

வாங்கியது எனக்காக இல்லை, தம்பிக்காக. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சூப்பர்ஹீரோ வாட்ச் என்றால் உயிர். பதினோரு வாட்ச் வைத்திருக்கிறான். எட்டாம் வகுப்பில் வாங்கிய பிளாஸ்டிக் பேட்மேன் டிஜிட்டலில் இப்போது எண்கள் பாதிதான் தெரியும். அதையும் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறான். அவனுக்கு முதல் வேலை கிடைத்தபோது, அவனே வாங்கத் தயங்குகிற மாதிரி ஒன்றை வாங்கித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவனிடம் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும் என்று நானே இணைய விற்பனைத் தளம் ஒன்றில் தேடினேன்.

விற்றவர் தன்னையும் ஒரு சேகரிப்பாளர் என்றுதான் சொல்லிக்கொண்டார். "கல்யாணச் செலவு இருக்கு மேடம், மனசே இல்லாமத்தான் கொடுக்கிறேன்" என்றார். நல்ல மரியாதையான பேச்சு. படம் கேட்டவுடன் அனுப்பினார். வெள்ளைப் பின்னணி, தூசி இல்லை, முட்கள் சரியாகப் பத்து மணி பத்து நிமிடத்தில். இன்னொரு படம் கேட்டேன். வேறு கோணம், ஆனால் அதே பத்து பத்து. வாட்ச் விளம்பரங்களில் முட்களை வழக்கமாக அப்படித்தான் வைப்பார்கள். ஒருவர் தன் வீட்டு மேசையில் வைத்து எடுக்கும் படத்தில் இரண்டு முறையும் அதே நேரம் எப்படி வரும்? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் பணம். தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போய்விடும், நேரடியாக அனுப்பினால் அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார். அனுப்பினேன். தளத்தின் வழியாகவே கட்டியிருந்தால், பொருள் போலி என்று புகார் கொடுத்துத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். அந்தக் கதவை நானே சாத்திக்கொண்டேன். உங்களிடம் யாராவது "நேரடியா அனுப்பிடுங்க" என்றால், வாட்ச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பெட்டி வந்தது. தம்பி பிரித்தான். வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அட்டையை எடுத்துப் படித்தான், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "சூப்பரா இருக்குக்கா" என்று கையில் கட்டிக்கொண்டான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

மூன்று மாதம் தினமும் கட்டினான். இரண்டாவது மாதத்தில் மணிக்கட்டில், பின்மூடி படும் இடத்தில், வட்டமாகத் தோல் சிவந்து அரிப்பு வந்தது. வியர்வை என்றான். வார் கோர்க்கும் முனைகளில் வெள்ளி நிறம் தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தது. ஸ்டீலுக்குத் தேய்ந்து போக மேல்பூச்சு எதற்கு? உள்ளே இருந்தது பித்தளை, மேலே மெல்லிய முலாம். மலிவான முலாமில் நிக்கல் இருந்தால் சிலருக்கு இப்படித் தோல் சிவக்கும் என்று தோல் மருத்துவரிடம் போனபோதுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு நாள் கை கழுவிவிட்டு வந்தவுடன் கண்ணாடிக்குள் பனி படர்ந்தது. முகமூடி பாதி மறைந்துவிட்டது.

நல்ல வாட்ச்சிலேயே 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான். 100 மீட்டர் என்றால் கட்டிக்கொண்டு நீந்தலாம். இதில் குழாய்த் தண்ணீரே உள்ளே போய்விட்டது. வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். ரப்பர் வளையம் உட்கார வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. நடுவில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய மெஷின். அதைச் சுற்றி, ஆடாமல் இருக்க வெள்ளை பிளாஸ்டிக் வளையம். ஓரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண பட்டன் செல். "வெளிச்சத்துல ஓடுறதுன்னு சொன்னாங்களே" என்றேன். அவர் டயலைத் தனியாக எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். "இதுல வெளிச்சம் போக வழியே இல்லையேம்மா. இது வெறும் தகடு" என்றார். வெளிச்சத்தில் ஓடும் வாட்ச்களில் பெரும்பாலும் டயலுக்கு அடியில்தான் சூரிய மின்தகடு இருக்கும். அதனால் டயலே கொஞ்சம் ஒளி புகும்படி செய்யப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் பேட்டரியும் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறுகிற வகையாக இருக்கும். இதில் இரண்டும் இல்லை.

லென்ஸை என்னிடம் கொடுத்து டயலைப் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்கு ஒரே சிவப்பாகத் தெரிந்தது, உள்ளே ரோஜா நிறப் புள்ளியும் மஞ்சள் புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தது. வலையின் கோடுகள் ஓரத்தில் பிசிறடித்து, இரண்டு இடத்தில் ஒன்றோடொன்று சேராமல் நின்றன. நல்ல டயலில் கோடுகளும் எழுத்தும் மையை ஒற்றி எடுத்ததுபோல் லேசாக மேடாக, ஓரம் சுத்தமாக இருக்கும். ஆனால் புள்ளி தெரிந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காமிக்ஸ் படத்தை அப்படியே டயலில் போடும்போது உரிமம் பெற்றவர்களும் புள்ளி அச்சைப் பயன்படுத்துவது உண்டு. சேராத கோடும் பிசிறும்தான் இங்கே காட்டிக்கொடுத்தன.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்க்கா" என்றான். முதல் நாளே தெரிந்திருக்கிறது. சான்றிதழ் அட்டையின் அடியில் கடுகளவு எழுத்தில் உரிம வரி ஒன்று இருந்தது. அதில் இந்தக் கதாபாத்திரம் டிசி காமிக்ஸுக்குச் சொந்தமானது என்று போட்டிருந்தது. ஸ்பைடர்மேன் 1962-ல் முதலில் வந்ததிலிருந்து டிசியின் போட்டி காமிக்ஸ் நிறுவனமான மார்வெலின் ஆள். டிசிக்குச் சொந்தம் சூப்பர்மேனும் பேட்மேனும். ஒரே அட்டையை எல்லா ஹீரோவுக்கும் அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள். ரசிகனின் கண்ணுக்கு முதல் பார்வையிலேயே பட்டது, எனக்குப் படவில்லை. அரிப்பு வந்த பிறகும் விடாமல் மூன்று மாதம் அதைக் கட்டியிருந்தது என் மனம் நோகக் கூடாது என்பதற்காக. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

விற்றவரிடம் கேட்டேன். முதல் பதில், "அப்படி இருக்காதே சிஸ்டர்." நான் படங்களை அனுப்பிய பிறகு, "பின்மூடியைத் திறந்துட்டீங்க, இனிமே நான் பொறுப்பில்லை." அதன் பிறகு பதிலே இல்லை. அதனால் சொல்கிறேன்: சந்தேகம் வந்தால் திறப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், அட்டை, பெட்டி, வந்த உறை எல்லாவற்றையும் எடுங்கள், விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு அப்புறம் திறங்கள். திறக்கும்போது வீடியோ ஓடட்டும்.

பின்மூடிப் படத்தைச் சேகரிப்பாளர்கள் சிலருக்கு அனுப்பினேன். அன்றிரவே ஒருவர் தன்னுடையதை அனுப்பினார். அதே வாட்ச். அதிலும் 0417.

எப்படி ஒரே எண் வரும் என்று ரிப்பேர் செய்தவரிடமே திரும்பப் போய்க் கேட்டேன். பின்மூடியைச் சாய்த்துக் காட்டினார். 0417-உம் அதைச் சுற்றியிருந்த எழுத்துகளும் ஒரே ஆழம், ஒரே மழுங்கிய ஓரம். எண்ணையும் சேர்த்தே அச்சுக்கட்டை செய்து அழுத்தியிருக்கிறார்கள். அந்த அச்சில் எத்தனை மூடி அடித்தாலும் 0417-தான் வரும். உண்மையாகவே எண்ணிட்டு விடும் வாட்ச்சில் பொதுவாக மூடியின் எழுத்து முதலில் வந்துவிடும், எண்ணை ஒவ்வொன்றிலும் பிறகு தனியாகப் பொறிப்பார்கள். சாய்த்துப் பார்த்தால் எண்ணின் வெட்டு மட்டும் வேறு மாதிரி மின்னும். எல்லாவற்றையும் லேசரில் ஒரேயடியாகப் பொறிப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். எண் தெளிவாகத் தெரியும் படத்தை வாங்கி, அதே மாடல் வைத்திருப்பவர்களிடம் காட்டுங்கள்.

லிமிடெட் என்ற சொல்லுக்கு இப்போதெல்லாம் தனியாக ஒரு மதிப்பும் இல்லை. ஓடமார் பிகே என்ற சுவிஸ் வாட்ச் நிறுவனம் 2021-ல் பிளாக் பேந்தர் வாட்ச் விட்டபோது 250 வாட்ச், 2023-ல் ஸ்பைடர்மேன் விட்டபோதும் 250. எண்ணிக்கையை நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. அப்படி அறிவிப்பு எங்கேயும் இல்லாத 1000 வெறும் அலங்காரம்தான். இன்னொரு குழப்பமும் உண்டு. பேட்மேன் என்று தேடினால் ரோலக்ஸ் 2013-ல் விட்ட நீலமும் கறுப்புமான வளையம் கொண்ட ஜிஎம்டி மாஸ்டர் II என்ற மாடல் வரும். ஹல்க் என்று தேடினால் அதே ரோலக்ஸின் 2010-ம் ஆண்டுப் பச்சை சப்மரைனர் மாடல் வரும். அவை ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர்கள். அந்த வாட்ச்களில் வௌவாலும் கிடையாது, ஹல்க்கும் கிடையாது. டயலில் வௌவால் படத்தோடு ஒரு ரோலக்ஸை யாராவது காட்டினால் அது ரோலக்ஸ் நிறுவனம் செய்த டயல் அல்ல.

பழைய வாட்ச் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பியின் கனவு நியூ ஹேவன் கம்பெனி 1939-ல் விட்ட சூப்பர்மேன் வாட்ச். அந்தக் காலத்து வாட்ச் என்று வருபவற்றில் டயலைப் புதிதாக அச்சடித்து ஒட்டுவதும், பெட்டியை மட்டும் நகலெடுத்து வைப்பதும் நடக்கிறது. வாட்ச்சின் உலோகக் கூடு நசுங்கி முட்கள் துருவேறியிருக்க, டயல் மட்டும் பளபளவென்று இருந்தால் கேள்வி கேளுங்கள்.

வாங்கும் முன் நான் இப்போது கேட்பது ஒன்றே ஒன்றுதான். முட்களை 4:35-க்கு வைத்து, பக்கத்தில் கையால் எழுதிய இன்றைய தேதியோடு, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வீடியோவில் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நேரத்தை நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள். பொருள் கையில் இருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. போன வாரம் வேறொரு பெயரில் அதே வெள்ளைப் பின்னணிப் படங்களோடு அதே ஸ்பைடர்மேன் விற்பனைக்கு வந்தது. வாங்குகிறவள்போல் பேசி 4:35 கேட்டேன். "வாட்ச் லாக்கர்ல இருக்கு மேடம்" என்று பதில் வந்தது, அடுத்த நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டார். அந்தக் கணக்கைப் பற்றித் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

என்னுடைய வாட்ச் மெஷின் தனியாக, டயல் தனியாகப் பெட்டியில் கிடக்கிறது. பல பேர் சேர்ந்து கொடுத்தால் புகார் வலுவாக நிற்கும் என்பதால் கேட்கிறேன்: உங்களிடம் இந்த வாட்ச் இருந்தால் பின்மூடியைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இதுவரை நான்கு 0417 சேர்ந்திருக்கிறது.