சாம்பிளில் பின்னல், சரக்கில் பிரிண்ட்: 82,400 ரூபாய் போன கதை

82,400 ரூபாய். மூன்று நாளாக இந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை, அதனால் அதையே முதலில் எழுதிவிட்டேன். சின்னதாக டி-ஷர்ட் பிராண்ட் நடத்துகிறவர்கள், துணி பின்னும்போதே அதில் லோகோ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மதுரையில் வீட்டு மாடியில் மூன்று மெஷின் போட்டுத் தைக்கிறோம். நான், ஓவர்லாக் அடிக்க ஒரு அக்கா, கட்டிங்குக்கு ஒரு தம்பி, அவ்வளவுதான். எங்கள் லோகோ ஒரு பம்பரம். இதுவரை அதை நெஞ்சில் ரப்பர் பிரிண்ட்டாகத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். பத்துத் துவைப்பில் பம்பரம் வெடித்து உரிகிறது என்று வாங்கினவர்கள் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். எம்பிராய்டரி போட்டால் உள்பக்கம் உறுத்துகிறது என்பார்கள். அப்போதுதான் ஜக்கார்டு ஆசை வந்தது, அதாவது பின்னும்போதே கலர் நூலால் டிசைன் வருகிற துணி. நேவி புளூ துணி, அதில் மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகக் கடுகு மஞ்சளில் குட்டிக் குட்டிப் பம்பரம். பிரிண்ட் கிடையாது, நூலே பம்பரமாக வரும். துணி கிழிகிற வரைக்கும் லோகோ போகாது.

மொத்த வியாபாரிகளைத் தேடித் தரும் ஆப் ஒன்றில் இந்தத் துணி வேண்டும் என்று போட்டேன். பெயர் எழுத வேண்டாம் என்று வக்கீல் நண்பன் சொல்லியிருக்கிறான், அதனால் எந்தப் பெயரும் இல்லை. அரை மணி நேரத்தில் திருப்பூரில் இருந்து ஒரு வியாபாரி போன் பண்ணினார். பேரு பக்கத்தில் பச்சை டிக் வேறு. அந்த டிக் காசு கட்டினால் கிடைக்கும் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

ஆரப்பாளையத்தில் காலை பஸ் ஏறி ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகத் திருப்பூர் போய் இறங்கினேன். "வாங்க தம்பி, மொதல்ல டீ சாப்பிடுங்க" என்று பஸ் ஸ்டாண்டுக்கே பைக்கில் வந்து கூட்டிப்போனார். நாற்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் விபூதி. ஒரு நிட்டிங் யூனிட்டுக்குள் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் ஜக்கார்டு மெஷின் ஓடுவதைக் காட்டினார். மேலே வட்டமாக நூல் கோன்கள், நடுவே ஊசிகள் மின்னிக்கொண்டிருக்க, கீழே குழாய் மாதிரித் துணி இறங்கிக்கொண்டே இருந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லாம் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். அவருடைய யூனிட் என்றுதான் நினைத்தேன். அவரும் இல்லை என்று சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால், ஆமாம் என்றும் சொல்லவில்லை.

டிசைன் சார்ஜும் சாம்பிளும் சேர்த்து 8,000 கேட்டார். கொடுத்தேன். பத்து நாளில் கூரியரில் சாம்பிள் வரவில்லை, அவரே போன் பண்ணி "நேர்ல வந்து பாத்துக்கங்க தம்பி, கையில புடிச்சுப் பாத்தாத்தான் மனசு நிக்கும்" என்றார்.

ஏமாந்தது அங்கேதான். சாம்பிளை மேஜையில் விரித்தார். என் பம்பரம்! கொஞ்சம் அகலமாகப் பூசணிக்காய் சாயலில் இருந்தது. "கட்டம் போட்ட தாள்ல சதுரமா வரைஞ்சா துணியில சதுரமா வராதுங்க தம்பி, வரிசையும் கண்ணியும் ஒரே அளவு இல்லீங்க, பல்க்குல சரி பண்ணிர்றேன்" என்றார். தப்பை அவரே முதலில் காட்டுகிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? அப்புறம் துணியைத் திருப்பினார். பின்பக்கத்தில் பம்பரத்துக்குப் பம்பரம் மஞ்சள் நூல் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. என் விரலைப் பிடித்து அந்த நூலுக்கு அடியில் விட்டார். "இதுதான் தம்பி ஜக்கார்டு. முன்பக்கம் யார் வேணா ஏமாத்தலாம். பின்பக்கம் பொய் சொல்லாதுங்க."

அந்த ஒரு வரிக்குத்தான் நான் 82,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

120 கிலோ பேசினோம். கிலோ 620. ஆக 74,400, பாதி அட்வான்ஸ், மீதி பார்சல் போடும்போது. பில் வேண்டுமென்றால் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி சேரும், வேண்டாம் என்றால் வெறும் சலானில் அனுப்பிவிடலாம் என்றார். நாலாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் என்று கணக்குப் போட்டு, நானும் தலையாட்டினேன். திட்டுகிறவர்கள் இங்கேயே திட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் ஏற்கெனவே திட்டியாயிற்று. இதில் பாதிப் பணம் வீட்டுக்காரியின் வளையலை அடகு வைத்தது.

இருபது நாள் என்றவர் முப்பத்தைந்து நாள் இழுத்தார். எப்போது கூப்பிட்டாலும் "துணி டையிங்ல இருக்குங்க தம்பி" என்று ஒரே பதில். திருப்பூரில் டையிங் தாமதம் என்றால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. 2011-ல் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்தில் இருந்து அந்த ஊரில் எல்லாத் தாமதத்துக்கும் அதுதான் சாக்கு. நானும் நம்பினேன். ஆனால் அந்த வாக்கியத்திலேயே முழுத் திருட்டும் இருந்தது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு மாலை எல்ஆர் காப்பி, அதாவது சரக்கை ஏற்றியதற்கு லாரி ஆபீஸ் தரும் ரசீது, போட்டோவாக வந்தது. லாரி ஆபீஸ் முத்திரை, ஆறு உருப்படி, என் பெயர், எல்லாம் சரி. மீதி 37,200-ஐ நின்ற இடத்திலேயே அனுப்பினேன். மறுநாள் பார்சல் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தேன், நேவி புளூ, மஞ்சள் பம்பரம், இந்த முறை பூசணிக்காய் கூட இல்லை, அச்சு அசலாக இருந்தது. சந்தோஷத்தில் அவருக்கு நன்றி சொல்லி மெசேஜ் கூட அனுப்பினேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

ரோலைப் பிரித்தது ஓவர்லாக் அக்கா. மேஜையில் ஒரு மீட்டர் விரித்தார், உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார், கட்டைவிரல் இரண்டையும் ஒரு பம்பரத்தின் இரு பக்கமும் வைத்து அகலவாக்கில் இழுத்தார். மஞ்சள் விரிந்து பிளந்து, உள்ளே நீலம் எட்டிப் பார்த்தது. விட்டதும் மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தார். பிறகு துணியைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் சுத்தமான நீலம். ஒரு நூல் ஓடவில்லை.

"தம்பி, இது பிரிண்ட்டுப்பா" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆறு ரோலையும் பிரித்துப் பார்த்தோம். ஆறும் பிரிண்ட். சாதாரண பனியன் துணியில் மேலே அடித்தது. எடையும் இல்லை. 220 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 220 கிராம் இருக்க வேண்டும் என்று பேசியிருந்தோம். கட்டர் இரவல் வாங்கி வட்டமாக வெட்டினேன், அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். சின்ன எடை காட்டுகிற தராசு எங்களிடம் இல்லை, தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைப் பட்டறையில் கொடுத்துப் போட்டேன். 1.58 கிராம். தங்கம் நிறுக்கிற தராசில் என் முட்டாள்தனத்தை நிறுத்தேன். 158 ஜிஎஸ்எம் துணி, அதில் பெயின்ட் கனமும் சேர்த்தி.

போன் போட்டேன். இனி வரிசையாகக் கேளுங்கள்.

முதல் நாள்: "ஒரு தடவ தண்ணில நனைச்சுப் பாருங்க தம்பி, செட் ஆயிரும்." பிரிண்ட் எப்படி நனைத்தால் பின்னலாக மாறும்?

இரண்டாம் நாள்: "ஜக்கார்டுல இப்படியும் ஒரு டைப் இருக்குதுங்க." பின்பக்கம் பொய் சொல்லாது என்று நீங்கள்தானே அண்ணா சொன்னீர்கள் என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள்: "எடுப்பாத்தான தம்பி இருக்குது, கஸ்டமருக்கு என்ன தெரியப்போகுது?" இதற்கு நான் கத்தியதை எழுத முடியாது. அன்று சாயங்காலம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஆப்காரர்களிடம் புகார் கொடுத்தேன். "வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்துவது மட்டுமே எங்கள் சேவை" என்று பதில். மறுபடி எழுதினேன், அதே பதில், ஒரு எழுத்து மாறாமல். ஸ்டேஷனுக்குப் போனேன். "சரக்கு வந்துருச்சுல்ல? அப்ப இது சிவில்" என்றார் அங்கே இருந்தவர். பில் எங்கே என்றார். இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு அடகுக் கடைக்காரர் பார்வை தேவலை.

மறுபடி பஸ் ஏறினேன். அவர் கொடுத்த அட்டையில் இருந்த முகவரி, மாடியில் ஒரு அறை, பூட்டியிருந்தது. கீழே டீக்கடைக்காரர், "அது அட்டைப்பெட்டி போட்டு வெக்கிற ரூமுங்க" என்றார். முதல் நாள் பார்த்த நிட்டிங் யூனிட்டைத் தேடிப் போனேன். அங்கே உண்மையான ஓனர் இருந்தார். நான் சொல்லச் சொல்லத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவரு மொத்தமே மூணு மணி நேரம் மெஷின் கேட்டாருங்க. சாம்பிள் மட்டும் ஓட்டிட்டுப் போனாரு. அதுக்கே எங்களுக்கு இன்னும் காசு வல்லீங்க."

அவர்தான் உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு நூல் வரும்போதும் எந்த ஊசி அதைப் பிடிக்க வேண்டும், எது விட்டுவிட வேண்டும் என்று மெஷினுக்குக் கட்டளை போகிறது. பிடிக்காத இடத்தில் நூல் பின்பக்கமாகக் குறுக்கே ஓடும். ரொம்ப தூரம் ஓடினால் போடும்போது விரல் மாட்டும், அதனால் நடுநடுவே கட்டிப்போட வேண்டும். "ரெண்டு கலர்னா ஒரு வரிசை விழ ரெண்டு ஃபீடர், அதான் ஊசிக்கு நூல் குடுக்கற எடம், போயிருதுங்க. சாதா துணி ஓடற அளவுல பாதி கூட எறங்காது." அதனால்தான் விலை. பிரிண்ட் அடித்தால் என்னை ஏமாற்றியவருக்கு மிச்சம் எவ்வளவு என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் நான் டையிங் தாமதத்தைப் பற்றிச் சொன்னேன். மனுஷன் சிரித்துவிட்டார், என்னைப் பார்த்து அல்ல. "நூறு சதவீதம் காட்டன் கேட்டீங்க. ரெண்டு கலர் ஜக்கார்டுக்கு நூலையே மொதல்ல கோன்ல டை பண்ணி வாங்கோணுமுங்க. வெள்ளையா ஓட்டிட்டு அப்புறம் சாயத்துல போட்டா ரெண்டு நூலுமே நீலமாயிரும், பம்பரம் எங்க தெரியும்?" காட்டனும் பாலியஸ்டரும் கலந்து ஓட்டினால் ஒரு நூல் மட்டும் சாயம் பிடிக்கும்படி செய்யலாமாம். நான் கேட்டது அதுவல்ல. ஆக, துணி டையிங்கில் இருக்கிறது என்று அவர் சொன்ன முதல் நாளே அது ஜக்கார்டு இல்லை. பதினைந்து நாள் என்னிடம் அவர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வெறும் நீலத் துணி, டையிங்கில். எனக்குத்தான் காது கேட்கவில்லை. அன்றைக்கே புரிந்திருந்தால் இரண்டாவது 37,200 ஆவது தப்பியிருக்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. சாம்பிளை நம்பாதீர்கள், பல்க் ரோலின் பின்பக்கத்தை வீடியோ காலில் உங்கள் கண் முன்னால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், அதுவரை மீதிப் பணம் அனுப்பாதீர்கள். எல்ஆர் போட்டோ என்பது லாரியில் ஏதோ ஏறியது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பில் வாங்குங்கள். சாயம் போட்ட நூல் வாங்கிய பில்லையும் கேளுங்கள், அதைக் காட்ட முடியாதவன் ஜக்கார்டு ஓட்டப்போவதில்லை. பணம் போனது தெரிந்தால் உடனே சைபர் பண மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள், நான் ஆறு நாள் கழித்துப் பண்ணினேன். இன்னும் நாலைந்து யோசித்து வைத்திருந்தேன், இப்போது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஏனென்றால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆப்பைத் திறந்து பார்த்துத் தொலைத்தேன். அவர் பக்கம் அப்படியே இருக்கிறது, பச்சை டிக்கும் இருக்கிறது. "நாங்கள் செய்த ஜக்கார்டு வேலைகள்" என்று புதிதாக ஒரு போட்டோ போட்டிருக்கிறார். நேவி புளூ துணி, ஒரு ஓரம் மடித்து மஞ்சள் நூல் குறுக்கே ஓடுகிற பின்பக்கம் தெரிகிற மாதிரி. பூசணிக்காய் பம்பரம். 82,400 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய சாம்பிள். கீழே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் "ரேட் என்ன அண்ணா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் போடப் பார்த்தேன், என் கணக்கில் இருந்து அந்தப் பக்கத்தில் எழுத முடியவில்லை. கோயம்புத்தூரில் யாராவது இதைப் பார்த்தால் அவருக்குச் சொல்லுங்கள்.