பின்சக்கரத்தில் 32 கம்பி: 19,000 கிலோமீட்டருக்குப் பிறகு

என் சைக்கிளின் பின்சக்கரத்தில் முதல் கம்பி (ஸ்போக்) உடைந்தது கோவளத்தைத் தாண்டி. ஞாயிறு காலை ஆறு மணி, ஈசிஆரில் நல்ல சாலை, குழி இல்லை, வேகத்தடை இல்லை. 'டிங்' என்று ஒரு சத்தம். அடுத்த சுற்றிலேயே பின்பிரேக் கட்டையில் ரிம் உரச ஆரம்பித்தது. சைக்கிளோடு வந்த சக்கரம் அது. முன்னால் 20 கம்பி, பின்னால் 24. அதுவரை ஓடியிருந்தது 4,200 கிலோமீட்டர். என் எடை 88 கிலோ என்பதையும் சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் அதை மறைத்துப் பயனில்லை.

கடையில் ஒரு கம்பி மாற்றி, பெண்டு எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் இரண்டாவது போனது. அதையும் மாற்றினேன். மூன்றாவது ஒரு 200 கி.மீ. பிஆர்எம்மில் (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்), மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில். வெயில் உச்சியில் நின்றது. உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, ரிம்மில் உரசாதபடி பின்பிரேக்கைத் திறந்துவிட்டேன். கூட வந்த நண்பரிடம் ஸ்போக் சாவி இருந்ததால் எதிர்ப்பக்கத்து இரண்டு கம்பிகளை அரைச் சுற்று தளர்த்தி, ரிம் பிரேமில் இடிக்காத அளவுக்குக் கொண்டுவந்தோம். பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்கு 40 நிமிடம் மிச்சம் வைத்து வந்து சேர்ந்தேன். பின்பிரேக் இல்லாமல் அவ்வளவு தூரம் வந்ததை வீட்டில் சொல்லவில்லை.

குழியில் விழுந்தால்தான் கம்பி உடையும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியல்ல. தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே இருக்கும் கம்பிகள் அந்த நொடி கொஞ்சம் தளர்கின்றன, மேலே போனதும் மறுபடி இறுகுகின்றன. 25 மி.மீ. டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். கிலோமீட்டருக்கு 475 சுற்று என்றால் 4,200 கிலோமீட்டரில் ஒவ்வொரு கம்பியும் சுமார் 20 லட்சம் தடவை தளர்ந்து இறுகியிருக்கிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான். அதனால்தான் என்னுடைய மூன்றும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் நுழையும் அந்த வளைவிலேயே ஒடிந்தன. அதிலும் இரண்டு இடப்பக்கத்துக் கம்பிகள். பின்சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதால் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக, மிக இறுக்கமாக நிற்கும். இடப்பக்கத்துக்கு அந்த இறுக்கத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கிடைக்கும். தொளதொளவென்று இருப்பதுதான் முதலில் சாகிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தெருமுனைக் கடைக்காரர். அறுபது வயதுக்கு மேல், வாழ்நாளில் பாதி மீன்பாடி வண்டிக்குச் சக்கரம் கட்டியவர். "ஒரு பல்லு ஆடுனா புடுங்கலாம் தம்பி, இங்க மொத்த வாயும் ஆடுதே," என்றார். ஒரு கம்பி போனால் மற்றவையும் அதே லட்சங்களைப் பார்த்தவைதான் என்பது அவர் கணக்கு. பிறகு வாசலில் நின்ற பால்காரர் சைக்கிளைக் காட்டினார். நம் ஊர்ப் பழைய ரோட்ஸ்டருக்கு முன்னால் 32 கம்பி, பின்னால் 40. அதில் ஒன்று ஒடிந்தால் பால்காரருக்குத் தெரியவே இரண்டு நாள் ஆகும்.

சரி, புதுச் சக்கரம் என்று முடிவானது. நான் எடுத்தது டிடி ஸ்விஸ் ஆர் 460 ரிம், ஷிமானோ 105 ஹப், டிடி காம்பெட்டிஷன் கம்பி, கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கப் பித்தளை நிப்பிள். இரண்டு சக்கரத்துக்கும் 32 துளை, மூன்று குறுக்கு, அதாவது ஒவ்வொரு கம்பியும் மற்ற மூன்றைக் குறுக்கே கடக்கும். காம்பெட்டிஷன் கம்பி முனைகளில் 2.0 மி.மீ., நடுவில் 1.8. நடுவில் மெலிந்திருப்பது பலவீனம் போலத் தோன்றும்; உண்மையில் அந்தப் பகுதி நீண்டு கொடுப்பதால் வளைவுக்கு வரும் அடி குறைகிறது. அலுமினிய நிப்பிள் வேண்டாம் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். கடற்காற்றில் அது அரித்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சாவி போட்டால் அதன் விளிம்பு மழுங்கி, சாவி வழுக்கும். எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாயைத் தாண்டியது. எடை 1,850 கிராமை ஒட்டி. இதைவிட லேசான சக்கரம் அதே விலைக்குக் கிடைத்திருக்கும்தான்.

கட்டியவர் அதே பெரியவர். பெரிய நிப்பிளுக்கான அவருடைய சாவி இதில் ஆடியது, 3.23 மி.மீ. சாவி நான் வாங்கிக் கொடுத்தேன். கட்டி முடித்ததும் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து, கை வலிக்க அழுத்தினார், மறுபடி பெண்டு எடுத்தார், மறுபடி அழுத்தினார். இறுக்கம் அளக்கும் மீட்டர் எதுவும் கிடையாது, விரலால் சுண்டிச் சத்தம் கேட்பதுதான். பிறகு நண்பரின் மீட்டரை வைத்துப் பார்த்தபோது வலப்பக்கம் முழுக்க 105-லிருந்து 115 கிலோவுக்குள் இருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை.

நாலு வருடம் ஆகிறது. 19,000 கிலோமீட்டரில் ஒரு கம்பி உடையவில்லை. முதல் 500 கிலோமீட்டர் கழித்து ஒருமுறை லேசாக இறுக்கினோம், அவ்வளவுதான். இப்போதும் சனிக்கிழமை இரவு கம்பிகளைச் சுண்டிப் பார்க்கிறேன். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் பேச வேண்டும். ஒன்று மட்டும் பொத்தென்று ஒலித்தால் அதைக் கவனிக்க வேண்டும். அவசரத்துக்கு கெவ்லார் கயிற்றுக் கம்பி ஒன்று இருக்கைப் பையில் கிடக்கிறது. வலப்பக்கக் கம்பி ஒடிந்தால் பல்சக்கரத்தைக் கழற்றாமலே கோத்துவிடலாம். இதுவரை பிரிக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஹப்பில் கோன் பேரிங் (கூம்பு வடிவத் துண்டுமேல் குண்டுகள் உருளும் பழைய வகை) என்பதால் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பிரித்துக் கிரீஸ் போட்டே ஆக வேண்டும். ஒரு வருடம் சோம்பல்பட்டு ஒரு கோனைக் குழியாக்கிவிட்டேன். மேடேறும்போது கார்பன் சக்கரக்காரர்கள் முன்னால் போவார்கள், போகட்டும். 60 கிலோ எடையில் நல்ல சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு இந்த 32 கம்பி தேவையே இல்லை.

இப்போது பின்ரிம்மில் பிரேக் படும் பரப்பு விரல் வைத்தால் தெரியும் அளவுக்குக் குழிந்திருக்கிறது. ஹப்பும் கம்பியும் அப்படியே இருக்க, ரிம்மை மட்டும் மாற்றிவிடலாம் என்கிறார் பெரியவர். பழைய ரிம்மோடு புதியதை ஒட்டவைத்துக் கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றுவாராம். இன்னொரு 460 வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதையும் வீட்டில் சொல்லவில்லை.