மீன் ஆகாத கடற்கரைப் பூனையும் ஸ்டிக்கர் ஒட்டிய பவுச்சும்: 14 மாத அனுபவம்

கீழக்கரையிலிருந்து தோழி ஒருத்தி போன வாரம் போன் பண்ணினாள். "உன் சிப்பிக்கு என்னமோ பவுச் கொடுக்கிறியே, அது நல்லதாடி? எங்க பூனைக்குட்டிக்கு ஒரே கழிச்சலா இருக்கு." பத்து நிமிடம் பேசியும் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பவுச் என்பது சின்ன உறையில் அடைத்து விற்கும் ஈரமான பூனை உணவு. அதுதான் என் பூனை சிப்பியைத் தேற்றியது. அதே உணவுதான் நடுவில் ஒருமுறை அவளைப் படுக்க வைத்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம் என்பதால் எழுதுகிறேன்.

சிப்பிக்கு மூன்று வயது, நாலு கிலோ. மண்டபத்தில் படகு அணையும் இடத்தில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்த குட்டி. எங்கள் பக்கம் பூனை வளர்ப்பது என்றால் காரல், சூடை மீன்களைத் தலையும் வாலுமாகப் போடுவது, மிச்ச நேரத்துக்கு மீன் குழம்பு பிசைந்த சோறு. அவளுக்கும் முதலில் அப்படித்தான். வாரத்தில் நாலு நாள், அவள் மலம் கழிக்க வைத்த மணல் பேசினில் தண்ணீராகப் போவாள். குடற்புழு மருந்து கொடுத்தோம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது என்று டாக்டர் சொன்னதால் பாலை நிறுத்தினோம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்று தெரிந்த அன்றே குழம்புச் சோறும் நின்றது. கழிச்சல் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

காரணம் பிடிபட்டது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை தொட முடியாது. வீட்டில் கோழிதான். அவளுக்கும் உப்பில்லாமல் வேக வைத்த கோழி. இரண்டாவது வாரத்திலிருந்து பேசின் சுத்தம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தடை முடிந்து, ஆசையாக வாங்கி வந்த நகரை மீனில் ஒரு துண்டு அவளுக்கும் போட்டேன். மறுநாள் காலையில் பழைய கதை. அம்மாவிடம் சொன்னபோது, "கடக்கரைல பொறந்த பூனைக்கு மீன் ஆகாதா? வெளிய சொல்லிராத" என்றாள்.

டாக்டர் அதில் அதிசயப்படவே இல்லை. பூனைகளுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, மீன், கோழி மூன்றும்தான் முன்னால் நிற்கும், நெடுநாள் தின்று பழகியதுதான் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்றார். எட்டு வாரம் மீன் வாடையே காட்டாதே, அப்புறம் ஒருநாள் கொஞ்சம் கொடுத்துப் பார் என்றார். அப்படியே செய்தோம். மீன்தான்.

சரி, கோழியையே வேக வைத்துப் போட்டால் என்ன என்று கேட்டேன். டாரின் என்ற சத்தைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் தளர்ந்து வீங்கும். 1987-ல் இந்த இதயத் தொடர்பு வெளிவந்த பிறகுதான் தீவன நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. வேக வைத்த தண்ணீரைக் கொட்டினால் கோழியில் இருக்கிற டாரினும் அதோடு போய்விடும். கால்சியம் வேறு வேண்டும். கணக்குப் பார்த்து வீட்டில் சமைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்படி வந்ததுதான் இந்த பவுச். 85 கிராம், தாய்லாந்தில் செய்தது, கோழித் துண்டுகள் கிரேவியில். கடையில் அடுக்கி வைத்திருப்பதில் பாதி 'துணை உணவு' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அது மேலுக்கு ஆசைக்குக் கொடுப்பது, தினசரி உணவு ஆகாது. 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று இருப்பதாகப் பார்த்து எடுத்தேன். பத்து நாளில், கால் பங்கு கால் பங்காகக் கூட்டி மாற்றினேன். மூன்றாவது வாரம் கழிச்சல் நின்று அவள் வயிறு சரியானது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு: தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. குடிக்க வண்டித் தண்ணீர்தான், குடம் கணக்கில் வாங்குகிறோம். நல்ல தண்ணீரை எத்தனை கிண்ணத்தில் வைத்தாலும் சிப்பி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இந்த உணவில் எண்பது சதவீதம் ஈரம். ஒரு பவுச்சில் கிட்டத்தட்ட 68 மில்லி தண்ணீர் அவள் அறியாமலே உள்ளே போகிறது. நான் இன்னும் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் கலந்துவிடுவேன், நக்கியே காலி பண்ணுவாள். மே மாத வெயிலில் அவள் தட்டு வழித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்த நிம்மதிக்கு என்ன விலையும் கொடுக்கலாம் என்று தோன்றியிருக்கிறது.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. பிரித்த பவுச்சை வெளியே வைக்கவே கூடாது. பாதியை உடனே கொடுத்துவிட்டு, மீதியை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். அன்று இரவே அது தீர்ந்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததைச் சில்லென்று கொடுத்தால் வாந்தி எடுக்கிறாள், அதனால் டப்பாவைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்துவேன். கரண்ட் நெடுநேரம் போனால் யோசிக்காமல் கொட்டிவிடுவேன். உப்பிய பவுச் வந்தால் பிரிக்காமலே குப்பைக்குப் போகும்.

இனி என் ஆத்திரம்.

வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாடு, எந்த மாதம், என்ன விலை எல்லாம் இங்கே ஒட்டியாக வேண்டும். சட்டம், எனக்கும் அது வேண்டும். ஆனால் அந்த வெள்ளை ஸ்டிக்கரைப் பவுச்சின் பின்பக்கத்தில், மூலப்பொருள் பட்டியல் மேலேயே ஒட்டுகிறார்கள். ஒன்றிரண்டில் இல்லை, 14 மாதமாக வாங்கிய எல்லாவற்றிலும். முன்பக்கம் கோழிப் படத்துக்குக் கீழே விரல் அகலம் வெறுமனே கிடக்கிறது, அங்கே ஒட்டினால் என்ன?

ஏழாவது மாதம் வந்த பெட்டியில் கோழிப் படம் அதேதான், நிறம் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. நான் கவனிக்கவில்லை. மூன்று நாள் கழிச்சல், வாந்தி. ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டேன், கூரியர் வண்டிச் சூட்டைச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் நாள் அவள் வாயே வைக்கவில்லை. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும், அதனால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊசி போட்டுத் திரும்பிய இரவு, ஸ்டிக்கர் மேல் தேங்காய் எண்ணெய் தடவி ஊற வைத்து, நகத்தால் உரித்தேன். கோழி, அதற்கு அடுத்து டூனா மீன்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறோமே, மேடம்" என்றார்கள். போட்டுத்தான் இருந்தது, ஸ்டிக்கருக்கு அடியில்! அமெரிக்க விதிப்படி 'டூனாவுடன்' என்று பெயரில் எழுத 3 சதவீதம் டூனா இருந்தாலே போதும் என்று அப்புறம் படித்தேன். இங்கே முன்பக்கத்தில் அந்த ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த மூன்று நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதே கம்பெனியின் வேறொரு வகையில் கோழி மட்டும்தான் இருக்கிறது. உரித்துப் பார்த்து உறுதி செய்துவிட்டு அதற்கு மாறினேன். இன்றுவரை ஒரு குறை இல்லை. முடி பளபளக்கிறது, எடை நிற்கிறது. 55 ரூபாய் இப்போது 62 ஆகிவிட்டதால் தினம் ஒரு பவுச்தான், மீதிக்கு மீன் எண்ணெய் கலக்காத ட்ரை ஃபுட். அதுவே மாதம் 1,860 ரூபாய். கொடுக்கிறேன், வருத்தமில்லை.

தோழிக்கு: உன்னது குட்டி. கழிச்சலில் குட்டிகளுக்கு ஒரே நாளில் நீர்ச்சத்து வற்றிவிடும். முதலில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போய் மலத்தைப் பரிசோதிக்கச் சொல். பவுச் அப்புறம். குட்டிகளுக்கென்று எழுதியதாக வாங்கு, சிப்பிக்கு ஒத்துக்கொண்டது அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காதே. பச்சை நெத்திலியும் சூடையும் போடுவதாகச் சொன்னாயே, அதை இன்றே நிறுத்து. பச்சையாகக் கொடுத்தால் உடம்பில் வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும், வேக வைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

இந்த பவுச்சை வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். இத்தனை நல்ல உணவைச் செய்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைத்து விற்பவர்களிடம் இன்னொரு வீட்டுப் பூனையை அனுப்ப எனக்கு மனமில்லை. எனக்கு வேறு வழியில்லை, நேற்று 12 பவுச் வந்திருக்கிறது. புது லாட். தேங்காய் எண்ணெயை எடுத்து வைத்திருக்கிறேன், பன்னிரண்டையும் உரித்துப் பார்த்த பிறகுதான் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு.