அம்மாவின் குளிசைப் பையும் எங்கள் குடும்ப டொக்டரும்: ஐந்து வருட அனுபவம்

2019 இல் ஒரு நாள் காலை அம்மா கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தார். எலும்பு முறியவில்லை, நெற்றியில் வீக்கம் மட்டும். அப்போது அவருக்கு 66 வயது. சீனி வருத்தமும் பிரசரும் பல வருடமாக உண்டு, மாதா மாதம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவார். அதோடு நெஞ்செரிவுக்கு ஒருவர், முழங்கால் உளைவுக்கு ஒருவர், பிரசர் இறங்கவில்லை என்று இன்னொருவர் என மட்டக்களப்பு டவுனில் சேனல் பண்ணி மூன்று ஸ்பெஷலிஸ்டுகளிடமும் காட்டிக்கொண்டிருந்தோம். மூவரும் நல்ல வைத்தியர்கள். ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அம்மா விழுந்த பிறகுதான், எங்கள் வீட்டுக்கென்று ஒரு டொக்டர் வேண்டும் என்று தேடத் தொடங்கினேன்.

நாங்கள் இருப்பது கல்லடியில். இந்தப் பக்கம் ஆரையம்பதி வரைக்கும், அந்தப் பக்கம் பாலம் கடந்து டவுன் வரைக்கும் விசாரித்தேன். எல்லோரும் சொன்னது கைராசி பற்றித்தான். "அவரிட்டப் போனா ஒரு நேர மருந்திலேயே மாறிரும்" என்றார்கள். அப்படிப் பேர் பெற்ற ஒரு டிஸ்பென்சரிக்கு மகனின் காய்ச்சலுக்காகப் போனேன். ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்து இரண்டு நிமிடம் காட்டினோம். கையில் தந்தது நான்கு சின்னக் கடதாசிப் பக்கற்றுகள். காலை 1, இரவு 1 என்று எழுதியிருந்ததே தவிர எதிலும் மருந்தின் பெயர் இல்லை. என்ன குளிசை என்று கேட்டதற்கு "காய்ச்சல் மருந்துதான்" என்று பதில் வந்தது. பிள்ளைக்கு இரவில் மேலெல்லாம் தடித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்றுதானே முதலில் கேட்பார்கள்? நான் என்ன சொல்வேன்? மருந்தின் பெயரை எழுதித் தராத இடத்துக்கு இனிப் போவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன்.

அடுத்து அமைந்தவர் இளம் டொக்டர். பொறுமையாகக் கேட்பார், அம்மாவுக்கும் நல்லாப் பிடித்துக்கொண்டது. அவர் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டு பின்னேரத்தில் தனியாகப் பார்ப்பவர். சில மாதங்களில் இடமாற்றம் வந்து போய்விட்டார். அதில் அவர் பிழை எதுவும் இல்லை. ஆனால் எங்கள் கதையை முதலிலிருந்து இன்னொருவருக்குச் சொல்ல வேண்டி வந்தது. நீங்கள் தேடுவதாக இருந்தால், அவர் அரச சேவையில் இருப்பவரா, இங்கேயே தங்குகிறவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்போதைய டொக்டரைக் காட்டித் தந்தவர் பாமசிக்காரர். யார் நல்ல டொக்டர் என்று நான் கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் ஆளுக்கொரு பெயர்தான் வரும். "யார் எழுதுற துண்டில குளிசை குறைவா இருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து ஒரு பெயரைச் சொன்னார். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். இலங்கை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன், இருந்தது. போர்டில் எம்.பி.பி.எஸ். என்பதற்குப் பின்னால் டி.எப்.எம். என்றும் இருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் குடும்ப மருத்துவ டிப்ளோமா அது. அதற்கு மேற்படிப்பாக எம்.டி. என்று ஒன்றும் உண்டு. அந்த டிப்ளோமா இல்லாத நல்ல குடும்ப டொக்டர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த வேலைக்கென்றே படித்தவர் என்று தெரிந்தது எனக்கு ஒரு தெம்பு.

முதல் நாள் அம்மாவின் பிரசரைப் பார்த்துவிட்டு மருந்து எதுவும் எழுதவில்லை. "வீட்டில இருக்கிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில போட்டு நாளைக்குக் கொண்டு வாங்க. பழசு, பாதி குடிச்சது, கடையில நீங்களா வாங்கினது, ஒண்டும் விடாம" என்றார்.

மறுநாள் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினார். பதினொரு வகை. கிளினிக்கில் கொடுத்த லொசார்டன் என்ற பிரசர் குளிசை ஒரு கவரில் இருந்தது. பாமசியில் வாங்கிய பெட்டியில் வேறு கம்பனிப் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அதே லொசார்டன். அம்மா இரண்டையும் குடித்துக்கொண்டிருந்தார். அடுத்து, முழங்காலுக்கு நாங்களாகவே கடையில் வாங்கிக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற நோக் குளிசையைக் கையில் எடுத்தார். அது பிரசரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், சீனி உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல என்று விளக்கினார். நெஞ்செரிவும் இறங்காத பிரசரும் அதனால் வந்திருக்கலாம். அவற்றுக்காகத்தான் நாங்கள் மேலும் மேலும் குளிசை சேர்த்துக்கொண்டு போயிருக்கிறோம். அம்மாவின் உடம்பில் நாங்களே ஒரு வருத்தத்தை வளர்த்திருக்கிறோம் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவராக எதையும் அடித்துப் பிடித்து மாற்றவில்லை. டைக்ளோபினாக்கையும் இரட்டிப்பாக இருந்ததையும் மட்டும் உடனே நிறுத்தினார். மற்றவற்றுக்குக் கிளினிக் டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிட்டார். மூன்று மாதத்தில் பதினொன்று ஆறாகக் குறைந்தது. அம்மா அதற்குப் பிறகு விழவில்லை.

அம்மா சொல்வதை டொக்டர் அம்மாவின் பேச்சிலேயே விளங்கிக்கொள்வதும் எங்களுக்குப் பெரிய விஷயம். "கால் ரெண்டும் எரியுது புள்ள, ராவைக்கு விறைக்குது" என்று சொன்ன உடனேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கெல்லாம் பார்த்தார். சீனியால் நரம்பு பழுதாகும்போது வரும் எரிவு அது என்றும், உணர்ச்சி குறைந்த காலில் காயம் பட்டாலும் தெரியாது என்றும் சொன்னார். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்கும் பழக்கத்தை அம்மா அன்றோடு விட்டார். இப்போது ஒவ்வொரு இரவும் அம்மாவின் பாதத்தை நான் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

மகனுக்கு டெங்கு வந்தது 2023 ஜனவரியில், மாரி மழை விட்ட கையோடு. முதல் நாள் பனடோலும் நீராகாரமும் மட்டும்தான். காய்ச்சலுக்குப் பலர் கொடுக்கிற புரூபன் மருந்தைக் கொடுக்கவே கூடாது, இரத்தம் கசியும் ஆபத்தைக் கூட்டும் என்றார். எவ்வளவு குடிக்கிறான், எத்தனை தரம் சலம் போகிறான் என்று கொப்பியில் எழுதச் சொன்னார். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் நான் சந்தோஷப்பட்டேன். அவர்தான், காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம் என்று சொல்லி, திரும்ப இரத்தம் பார்த்து, பிளேட்லெட் இறங்கியிருப்பதைக் கண்டு கடிதத்தோடு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார். நான்கு நாள் வாட்டில் இருந்து நல்லபடியாக வந்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொருவரையும் ஆறுதலாகப் பார்ப்பதால் நம்பர் எடுத்தாலும் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். ஞாயிறும் போயா நாளும் பூட்டு. இரத்தம் சோதிக்க டவுனுக்குத்தான் போக வேண்டும். மகளின் கையில் வந்த தோல் அரிப்புக்கு முதலில் தந்த பூச்சு மருந்து வேலை செய்யவில்லை. இரண்டு கிழமை கழித்துக் காட்டியபோது "எனக்கு இது பிடிபடல்ல" என்று நேராகவே சொல்லி, தோல் ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் தந்தார். அந்த இரண்டு கிழமை பிள்ளை பட்ட பாடு எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்னும் நம்புகிறேன். இரவில் நெஞ்சு நோ வந்தால் தன்னைத் தேடி வரக் கூடாது, நேரே 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடிக்க வேண்டும் என்பதையும் முதல் மாதமே சொல்லிவைத்துவிட்டார்.

செலவு, ஸ்பெஷலிஸ்டைச் சேனல் பண்ணுவதை விட நல்லாக் குறைவு. மாத மருந்து இப்போதும் கிளினிக்கில் இலவசமாகத்தான் எடுக்கிறோம். 2022 இல் பெற்றோலும் இல்லை, கிளினிக்கில் சில மருந்துகளும் இல்லை என்றிருந்த மாதங்களில் நடந்து போகும் தூரத்தில் அவர் இருந்தது எவ்வளவு உதவி என்று சொல்லி முடியாது. எந்தக் குளிசைக்குப் பதிலாக எதை வாங்கலாம், எதை ஒரு நாளும் விடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். அந்தத் தாள் இன்னும் அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் மடித்தபடி இருக்கிறது.

வருகிற புதன்கிழமை அம்மாவின் மூன்று மாதச் சீனி ரிசல்ட்டைக் காட்டப் போக வேண்டும். குளிசைப் பையை நேற்றே எடுத்து வைத்துவிட்டார்.