ஏமெக் மதிப்பீட்டுச் சட்டகம்: ஏழு பெட்டிகள் இருக்கின்றன, தரப்புகள் எங்கே?

மக்கள் தொடர்புப் பிரசாரம் முடிந்ததும் மேசைக்கு வரும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். பத்திரிகைத் துண்டுகளின் படங்கள், 'இத்தனை கோடிப் பேரைச் சென்றடைந்தது' என்று ஒரு வரி, கடைசிப் பக்கத்தில் 'விளம்பர மதிப்பு' என்று ஒரு பெருந்தொகை. யாருடைய மனம் மாறியது, யார் என்ன செய்தார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. இந்த வழக்கத்துக்கு மாற்றாக 2016இல் வந்த இணையக் கருவி, ஏமெக் அமைப்பின் ஒருங்கிணைந்த மதிப்பீட்டுச் சட்டகம். ஏமெக் என்பது தகவல்தொடர்பை அளந்து மதிப்பிடுவோரின் சர்வதேசச் சங்கம். தகவல்தொடர்பை எப்படி அளக்க வேண்டும் என்று சொல்லும், 2010இல் வெளியாகி 2015, 2020, 2025 ஆண்டுகளில் திருத்தப்பட்ட பார்சிலோனா கோட்பாடுகளும் இவர்கள் முன்னெடுத்தவைதான். கருவிக்குக் கட்டணம் இல்லை. உலாவியில் திறந்து பெட்டிகளை நிரப்ப வேண்டியதுதான்.

பெட்டிகள் ஏழு: நோக்கம், உள்ளீடு, செயல்பாடு, அவுட்புட், அவுட்டேக், அவுட்கம், இம்பாக்ட். கடைசி நான்கில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். நாம் வெளியிட்டதும் அது போய்ச் சேர்ந்த இடங்களும் அவுட்புட். பார்த்தவர் கவனித்தாரா, புரிந்துகொண்டாரா, மேலும் தேடினாரா என்பது அவுட்டேக். அவருடைய அறிவிலோ நம்பிக்கையிலோ எண்ணத்திலோ வந்த மாற்றம் அவுட்கம். அதனால் நிறுவனத்துக்கோ சமூகத்துக்கோ விளைந்தது இம்பாக்ட். ஒரு காணொளியை 50,000 பேர் பார்த்தது அவுட்புட். அதை 'வெற்றி' என்று அவுட்கம் பெட்டியில் எழுதுவதுதான் இந்தக் கருவியில் அதிகம் நடக்கும் தவறு. பெட்டிக்குப் பெட்டி உதவிக் குறிப்பு உண்டு. ஆனால் தவறான இடத்தில் எழுதினால் கருவி தடுக்காது, எதையும் வாங்கிக்கொள்ளும்.

இடமிருந்து வலமாக நிரப்பும்படி திரை அமைந்திருக்கிறது. அப்படி நிரப்பினால் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட செயல்பாடுகளுக்குக் காரணம் தேடும் வேலையாக அது போய்விடும். நோக்கத்தை எழுதியதும் நேரே கடைசிப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வருவதே சரி. என்ன விளைய வேண்டும், அதற்கு யார் என்ன செய்ய வேண்டும், அதற்கு முன் அவர்கள் எதை நம்ப வேண்டும், அதற்கு எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தால், செயல்பாட்டுப் பெட்டிக்கு வரும்போது பாதி யோசனைகள் தானாகவே உதிர்ந்துவிடும். பத்திரிகையாளர் சந்திப்புதான் பெரும்பாலும் முதலில் உதிரும்.

கருவியின் பெரிய குறை தரப்புகள் விஷயத்தில், அதாவது செய்தி யாரைச் சென்றடைய வேண்டுமோ அந்தக் குழுக்கள் விஷயத்தில் இருக்கிறது. இலக்குத் தரப்பு யார் என்ற கேள்வி உள்ளீட்டுப் பெட்டியின் ஒரு மூலையில் வருகிறது. அங்கே 'இளைஞர்கள், நிறுவனங்கள், ஊடகங்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர முடியும். அதன்பின் வரும் எல்லாப் பெட்டிகளும் அந்த மூன்று தரப்பையும் ஒரே கூட்டமாகவே பார்க்கின்றன. இதற்கு வழி ஒன்றுதான்: தரப்புக்கு ஒரு தாள். நான்கு தரப்பு என்றால் சட்டகத்தை நான்கு முறை நிரப்ப வேண்டும். நோக்கமும் இம்பாக்டும் மட்டும் நான்கிலும் ஒன்றாக இருக்கலாம்.

குருதிக்கொடைப் பிரசாரம் ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம். 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது. 'ஒருமுறை கொடுத்து நின்றுவிட்டவர்களில் மீண்டும் கொடுக்க முன்பதிவு செய்வோர் விகிதத்தை ஆறு மாதத்தில் 22 சதவீதத்திலிருந்து 30 ஆக்குவது' என்பது நோக்கம். யார், என்ன, எங்கிருந்து எங்கே, எப்போதுக்குள் என்ற நான்கும் அதில் உண்டு. (எண்கள் விளக்கத்துக்காக.) இனி தரப்புகள். நின்றுவிட்டவருக்குக் குருதியின் அருமை தெரியும். அவருக்கு நேரம்தான் தடை. அவரிடம் போய் 'ஒரு துளி ஓர் உயிர்' என்பது வீண் செலவு. நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் இணைப்போடு ஒரு குறுஞ்செய்தி போதும். முதல்முறை வருபவருக்கு ஊசிதான் பயம். குருதி எடுக்கப் பத்து நிமிடம்தான் ஆகும், பதிவு முதல் ஓய்வு வரை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்று படிப்படியாகக் காட்டினால் அவர் அசைவார். முகாமுக்கு இடம் தரும் நிறுவன நிர்வாகிக்குக் கவலை வேறு, வேலை நேரம் எவ்வளவு போகும் என்பது. அவருக்குத் தேவை நேர அட்டவணை, உருக்கமான காணொளி அல்ல.

இப்படிப் பிரிப்பதற்கு மக்கள் தொடர்பு ஆய்வாளர் ஜேம்ஸ் குரூனிக்கின் சூழ்நிலைக் கோட்பாடு நன்றாக உதவுகிறது. பிரச்சினையைப் பிரச்சினையாக உணர்கிறாரா, தன்னால் எதுவும் செய்ய முடியாதபடி தடை இருப்பதாக நினைக்கிறாரா, தனக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று கருதுகிறாரா என்று மூன்றே கேள்வி. வயது, பாலினம், வருமானம் என்று பிரிப்பதைவிட இது பயன்படும். நேரம், ஊசிப் பயம், வேலை நேர இழப்பு என்று மூன்று வகைத் தடைக்காரர்களும் ஒரே வயதில் இருப்பார்கள்.

அளவீட்டுக்கு வருவோம். பிரசாரம் தொடங்கும் முன்பே அடிப்படை நிலையை அளக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் செயல்திட்டம் தாமதமானால் முதலில் வெட்டப்படுவது அதுதான். பிறகு எடுக்கும் கருத்துக்கணிப்பு எதோடும் ஒப்பிட முடியாத ஒற்றை எண்ணாக நிற்கும். மாதிரி அளவையும் தரப்புவாரியாகவே திட்டமிட வேண்டும். 95 சதவீத நம்பகத்தில் 1,000 பேரிடம் கேட்டால் பிழை கூடவோ குறையவோ ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி, 400 பேரிடம் 5, 100 பேரிடம் 10. 400 பேரிடம் கேட்டுவிட்டு அதை நான்கு தரப்பாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 100 பேர்தான். 5 புள்ளி என்று நினைத்தது 10 ஆகிவிடும். முன்னும் பின்னும் ஒப்பிடும்போது இரண்டு பக்கத்துப் பிழையும் சேரும். 400 பேரிடம் 22 சதவீதமாக இருந்தது வேறு 400 பேரிடம் 27 ஆனால், அந்த 5 புள்ளி வித்தியாசத்தின் பிழை எல்லையே ஏறக்குறைய 6. உயர்ந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. 30 ஆனால் சொல்லலாம். இந்தக் கணக்கைச் சட்டகம் எங்கேயும் நினைவூட்டுவதில்லை.

'எங்கே கேள்விப்பட்டீர்கள்?' என்ற கேள்வியைப் பெரிதாக நம்ப வேண்டாம். எங்கே பார்த்தோம் என்பது நினைவில் நிற்காது, வழக்கமாகப் பார்க்கும் ஊடகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். தரப்புக்கு ஒரு கியூஆர் குறியீடு, தனித்தனியாகக் குறியிட்ட இணைப்பு, தனித் தொலைபேசி எண் என்று வைத்தால் நினைவைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. முடிந்தால் எல்லாப் பகுதியிலும் ஒரே நாளில் தொடங்காமல், பாதியில் முதலில், மீதியில் ஆறு வாரம் கழித்து என்று தொடங்கலாம். காத்திருக்கும் பாதிதான் ஒப்பீட்டுக் குழு. செலவில்லாத உத்தி இது. மேலதிகாரியைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம்.

அவுட்புட் பெட்டியைப் பணம் கொடுத்தது, ஊடகத்தில் ஈட்டியது, பகிரப்பட்டது, சொந்த ஊடகம் என்று நான்காகப் பிரித்திருப்பது இந்தக் கருவியின் நல்ல அம்சம். நான்கையும் கூட்டிவிடாமல் இருந்தால் பயன் உண்டு. தலா 5 லட்சம் வாசகர் உள்ள மூன்று பத்திரிகையில் செய்தி வந்தால் 15 லட்சம் பேர் என்று எழுதுகிறார்கள். மூன்றையும் படிப்பவர் மூன்று முறை எண்ணப்படுகிறார். ஓர் இணையதளத்துக்கு மாதம் 30 லட்சம் பேர் வருவதால் அதில் வந்த ஒரு செய்தியை 30 லட்சம் பேர் படித்ததாகிவிடாது. இப்படிக் கூட்டிக்கொண்டே போன அறிக்கைகளில் சென்றடைந்தோர் எண்ணிக்கை அந்தப் பகுதியின் மக்கள்தொகையைத் தாண்டுவதும் உண்டு.

விளம்பர மதிப்புச் சமானத்துக்குச் சட்டகத்தில் இடமே இல்லை, மிகச் சரி. செய்தி பிடித்த இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, செய்திக்கு நம்பகம் அதிகம் என்று அதை மேலும் மூன்றாலோ நான்காலோ பெருக்குவது அந்த முறை. கண்டித்து எழுதிய செய்திக்கும் அது மதிப்புப் போடும். இலக்குத் தரப்பே படிக்காத பத்திரிகைக்கும் போடும். நெருக்கடி நேரத்தில் ஒரு செய்தி பெரிதாகாமல் பார்த்துக்கொண்டவருக்கு அந்தக் கணக்கில் பூஜ்யம்தான்.

செய்தியின் தொனியை மென்பொருளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. கேலியைப் பாராட்டாகவும், நோயின் பெயர் வந்த தகவல் குறிப்பை எதிர்மறையாகவும் அது எடுத்துக்கொள்ளும். 100 பதிவுகளை இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தட்டும். இருவரும் 80க்குக் குறைவாக ஒத்துப்போனால் வகைப்படுத்தும் விதியில்தான் கோளாறு. அதைத் திருத்திவிட்டு மென்பொருளின் விடையோடு ஒப்பிடலாம்.

பிரிட்டன் அரசின் தகவல்தொடர்புச் சேவை பயன்படுத்தும் ஓயாசிஸ் முறையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நோக்கம், தரப்பைப் பற்றிய புரிதல், உத்தி, நடைமுறை, மதிப்பெண் என்று அதில் ஐந்தே படி. தரப்பு இரண்டாம் படியாகத் தனியே நிற்கிறது. ஆனால் மதிப்பீடு கடைசிப் படியில் அடங்கிவிடுகிறது. ஏமெக்கில் அது நான்கு பெட்டியாக விரிகிறது. ஆகவே திட்டமிட ஓயாசிஸ், அளக்க ஏமெக் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்வதே நல்லது.

சமூக ஊடகத்தில் இரண்டு வாரம் ஓடும் சிறு அறிவிப்புக்கு ஏழு பெட்டியும் மிகை. நோக்கம், ஓர் அவுட்டேக், ஓர் அவுட்கம் என்ற மூன்று வரி போதும். மூன்று மாதத்துக்கு மேல் ஓடும், ஒன்றுக்கு மேற்பட்ட தரப்புள்ள பிரசாரம் என்றால் முழுச் சட்டகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை அளவீட்டுக்கு முதல் நாளே ஒதுக்கிவிட வேண்டும். தாளை நிரப்பியதும் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் மூன்று விவரம் எழுதுங்கள்: தரவு எங்கிருந்து வரும், யார் எடுப்பார், எந்தத் தேதியில். இதற்குக் கருவியில் பெட்டி இல்லை, ஓரத்தில்தான் எழுத வேண்டும். அந்த ஓரம் காலியாக இருக்கும் அளவுகள் கடைசி அறிக்கையில் வருவதில்லை.