ஸ்மெட்டா தணிக்கை: ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு எடுபடுமா?

ஜெர்மனியில் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்ததிலிருந்து, அங்கே உள்ள பெரிய வாங்குநர்கள் "உங்கள் ஆட்களை எப்படி நடத்துகிறீர்கள்?" என்ற கேள்வியைத் தங்களுக்குச் சரக்கு தருபவர் வரை தள்ளுகிறார்கள். ஆத்தங்குடிக் கல்லை, அதாவது செட்டிநாட்டில் கையால் வார்க்கும் சிமெண்ட் தரைக்கல்லை, வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பட்டறைக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் ஸ்மெட்டா தணிக்கையாகத்தான் வரும். சரக்கு தரும் இடங்களில் தொழிலாளர் நிலையைப் பார்க்க, செடெக்ஸ் என்ற சர்வதேச உறுப்பினர் அமைப்பு வகுத்த தணிக்கை முறை அது.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். இது சான்றிதழ் அல்ல. தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 சான்று மாதிரி தேர்ச்சியும் கிடையாது, பிஎஸ்சிஐ என்ற இன்னொரு தணிக்கை மாதிரி ஏ முதல் ஈ வரை கிரேடும் கிடையாது. கையில் கிடைப்பது ஓர் அறிக்கை, கூடவே திருத்த வேண்டியவற்றின் பட்டியல். "ஸ்மெட்டா சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்" என்று வருபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். பார்க்கும் தலைப்புகளைத் தூண் என்கிறார்கள்; நாலு தூண், இரண்டு தூண் என இரண்டு வகை உண்டு. வாங்குநர் குறிப்பிட்டுக் கேட்காதவரை, தொழிலாளர் நிலை, பாதுகாப்பு இரண்டையும் பார்க்கும் இரண்டு தூண் தணிக்கையே சிறு பட்டறைக்குப் போதும். கட்டணம் ஆள்-நாள் கணக்கு, அதாவது எத்தனை தணிக்கையாளர் எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. வெளியூரிலிருந்து வருபவரின் பயணமும் தங்கலும் பில்லில் ஏறும், அதையும் சேர்த்துக் கொட்டேஷன் கேளுங்கள்.

பாதுகாப்புப் பகுதி கொடுத்த காசுக்கு உழைக்கிறது. காலாவதியான தீயணைப்பான், வெளியேறும் வழியை மறித்து அடுக்கிய கல், கலவை மிஷின் பெல்ட்டுக்கு மூடி இல்லாதது, கல்லை ஊறவைக்கும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஓடும் கரண்ட் லைனுக்கு, கசிவு வந்ததும் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாதது, எல்லாமே ஒரு சுற்றில் அகப்பட்டுவிடும். ஆனால் கல் வேலையின் பெரிய ஆபத்து கையிலும் மூச்சிலும் இருக்கிறது. அங்கேதான் பல தணிக்கையாளர்கள் டிக் அடித்துவிட்டு நகர்கிறார்கள்.

கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறக் கலவையை ஊற்றியதும், மேலே உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவுகிறார்கள். அந்தத் தூசியில் நுண்ணிய சிலிக்கா உண்டு. வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் வரும். வந்த நோயைத் திருப்ப மருந்தில்லை. துணி மாஸ்க் இதைத் தடுக்காது. என்95 வேண்டும், அதுவும் மூக்குத்தண்டில் இடைவெளி இல்லாமல் அழுந்தியிருக்க வேண்டும். தரையை உலரப் பெருக்காமல் தண்ணீர் தெளித்துப் பெருக்கினாலே தூசி பாதி அடங்கும். ஈர சிமெண்ட் கடும் காரம், அதன் பிஎச் 12-க்கு மேல். விரல் இடுக்கில் வெள்ளையாக வெடித்த தோலும் நகக்கண்ணில் ஆறாத புண்ணும் அதன் அடையாளம். பருத்திக் கையுறை ஈரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைப்பதால் வெறுங்கையை விட மோசம். மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போட்டால் நிறம் ஊற்றும் கை லாகவமும் கெடாது. பின்பக்கத்துக்குப் போடும் சாம்பல் சிமெண்டில் தோல் ஒவ்வாமை தரும், நீரில் கரையும் குரோமியம்-6 இருக்கலாம். ஐரோப்பாவில் அதற்கு வரம்பு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு). உங்கள் சிமெண்ட் டீலரிடம் பரிசோதனை அறிக்கை கேட்டு ஃபைலில் வையுங்கள், தணிக்கையாளர் கேட்காவிட்டாலும். முக்கால் அங்குலக் கனமுள்ள பத்தங்குலக் கல் ஒன்று இரண்டரை கிலோவைத் தாண்டும். பத்துக் கல்லை ஒரே தூக்காகத் தொட்டியிலிருந்து எடுப்பவரின் இடுப்பையும் யாராவது கேட்க வேண்டும்.

கூலிப் பகுதியில்தான் நல்ல தணிக்கையாளர் யார் என்று தெரியும். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் இடத்தில் வந்த நேரம், போன நேரம் எழுதும் பழக்கம் அரிது. தணிக்கைக்காக ஒரே ராத்திரியில் எழுதிய வருகைப் பதிவேடு ஒரே பேனா, ஒரே அழுத்தத்தில் இருக்கும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் பால்குடத்தன்று காரைக்குடி ஆட்கள் அத்தனை பேரும் வேலைக்கு வந்ததாக அது சொன்னால், உள்ளூர் தெரிந்தவர் அங்கேயே நிறுத்திவிடுவார். தெரியாதவர் உற்பத்தி நோட்டு, கரண்ட் பில், லாரி ஏற்றிய தேதி மூன்றையும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஒருவர் பத்து மணி நேரத்தில் கல் கணக்கில் 700 ரூபாய் எடுக்கிறார் என்று வையுங்கள். மணிக்கு 70. வாரம் ஆறு நாளுக்கு 60 மணி, அதில் 48-க்கு மேற்பட்ட 12 மணி மிகை நேரம். தொழிற்சாலையாகப் பதிவான இடத்தில் அதற்கு இரட்டிப்புக் கூலி. எழுபது ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டதால் வாரத்துக்கு 840 ரூபாய் பாக்கி. "கல்லுக்குத்தான் கொடுத்தாச்சே" என்ற பதில் செல்லாது. முன்பணம் வாங்கிய ஆள் கடன் தீராமல் வேறு பட்டறைக்குப் போகக்கூடாது என்ற பேச்சு இருந்தால், அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வருகிற விஷயம். முன்பண நோட்டின் நகல் தொழிலாளி கையிலும் இருக்கட்டும்.

தொழிலாளர்களோடு நடத்தும் நேர்காணலுக்குத் தமிழ் பேசும் பெண் தணிக்கையாளர் ஒருவராவது வேண்டும் என்று புக் செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். முதலாளி கண்ணுக்கு எட்டும் தாழ்வாரத்தில் உட்காரவைத்தால் "எல்லாம் நல்லா இருக்குங்க" என்பதைத் தவிர எந்த ஆச்சியும் வாய் திறக்க மாட்டார். தேதி சொல்லி வருவதை விட, மூன்று வார இடைவெளிக்குள் எந்த நாளும் வரலாம் என்ற பாதி-அறிவிப்பு முறையே மேல். சான்று இருப்பதாலேயே ஓர் இடம் பாதுகாப்பாகிவிடாது. பாகிஸ்தானின் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆயத்த ஆடை ஆலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்து 250-க்கு மேற்பட்டோர் இறந்தபோது, அதற்கு எஸ்ஏ 8000 சான்று கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. தணிக்கைக் கட்டணத்தைத் தணிக்கைக்கு உள்ளாகும் இடமே கட்டும் ஏற்பாட்டின் பலவீனம் ஸ்மெட்டாவிலும் அப்படியே இருக்கிறது. ஆகவே வாங்குநர் பாதியாவது ஏற்கட்டும் என்று பேரம் பேசுங்கள். அது நியாயமான கோரிக்கை.

குறை வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு குறையும் இல்லாத அறிக்கையைத்தான் அனுபவமுள்ள வாங்குநர் சந்தேகிப்பார். பெல்ட் மூடி, கையுறை, ஒயர் சம்பந்தப்பட்ட குறைகள், சரிசெய்த போட்டோ அனுப்பினாலே தீர்ந்ததாகக் கணக்கில் எடுக்கப்படும். கூலிப் பாக்கிக்கு வவுச்சர் போதாது, தொழிலாளியின் வங்கிக் கணக்கில் ஏறிய வரவைக் காட்ட வேண்டியிருக்கும்.