காலில் ஒயர் ஒட்டாமலே வந்த நரம்புப் பரிசோதனை அறிக்கை

என் தாயாருக்கு 58 வயதாகிறது. முக்கூடலை அடுத்த எங்கள் ஊரில் பெரும்பாலான திண்ணைகளைப் போலவே எங்கள் வீட்டுத் திண்ணையிலும் பீடித்தட்டு ஓய்ந்திருந்த நாள் குறைவு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிப் பழகிய கைகள் அம்மாவுடையவை. சென்ற ஐப்பசி வாக்கில் வலக்கையின் பெருவிரலும் அதையடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகத் தொடங்கின. நடு இரவில் எழுந்து உட்கார்ந்து, ஈரத்தை உதறுவது போலக் கையை உதறிக்கொண்டிருப்பார். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். உள்ளங்கால் எரிகிறது என்றும் எப்போதாவது சொல்வதுண்டு. எல்லாம் சுகர் படுத்தும் பாடு என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். ஏமாற்ற வந்தவர்களுக்கு அந்த முடிவு பாதி வேலையைச் செய்து கொடுத்துவிட்டது.

ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச நரம்புப் பரிசோதனை முகாம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அங்கே பாதத்தில் அதிர்வுக் கருவி ஒன்றை வைத்து ஓர் எண்ணைச் சொன்னார்கள். அந்தக் கருவியில் குறை ஒன்றும் இல்லை. அதிர்வை எந்த மட்டத்தில் உணர்கிறோம் என்பதை வோல்ட் கணக்கில் காட்டும் அது, சர்க்கரை நோயாளியின் பாதத்தில் புண் வரும் ஆபத்தைக் கணிக்க உண்மையிலேயே உதவுகிறது. 25 வோல்ட்டைத் தாண்டினால் கவனம் தேவை என்பார்கள். ஆனால் அதிர்வு தெரிந்த நொடியில் நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. மண்டபத்து இரைச்சலில், எப்போது சொல்ல வேண்டும் என்றே அம்மாவுக்கு யாரும் விளக்கவில்லை. 32 என்று சீட்டில் எழுதி, திருநெல்வேலியில் உள்ள தங்கள் மையத்துக்கு வரச் சொன்னார்கள்.

மையத்தில் கட்டணம் 3,500 ரூபாய். பரிசோதனை அறைக்குள் என்னை விடவில்லை. குளிர்சாதனம் நடுங்கும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்த அந்த அறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அம்மா வெளியே வந்துவிட்டார். சற்று நேரத்தில் வழவழப்பான தாளில் நான்கு பக்க அறிக்கை கைக்கு வந்தது. இரு கைகளிலும் இரு கால்களிலும் தீவிர நரம்புச் சேதம் என்று அதில் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், இப்போதே கவனிக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று தாழ்ந்த குரலில் சொல்லி, நரம்பு ஊக்க சிகிச்சை என்று 12 முறை வர வேண்டும், மொத்தம் 18,000 ரூபாய் என்றார். நான் 6,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி எண்ணி வாங்கும் வீட்டில் அது எத்தனை நாள் உழைப்பு என்பதை யோசிக்கும் நிலையில் நான் அப்போது இல்லை.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அம்மாதான் முதலில் கேட்டார்: "ஏலே, அவன் காலைத் தொடவே இல்லியே. வலது கையில மட்டுந்தான் ஒயரை ஒட்டினான். பொறவு காலு நரம்பு போச்சுன்னு எப்பிடிலே கண்டுபிடிச்சான்?"

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். அறிக்கையை மடியில் விரித்து எண்களை மட்டும் பார்த்தேன். வலக்காலில் சூரல் என்ற உணர்வு நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகம் நொடிக்கு 31.46 மீட்டர், இடக்காலிலும் 31.46. மற்ற நரம்புகளிலும் அப்படியே, வலது பத்தியும் இடது பத்தியும் இரண்டாம் தசமம் வரை ஒன்றாக இருந்தன. எல்லா வரியிலும் தூரம் 140 மில்லிமீட்டர். ஒருவருக்கு முழங்காலிலிருந்து கணுக்கால் வரையும் 140, மணிக்கட்டிலிருந்து விரல் வரையும் 140 என்றால் எப்படி? பேரேட்டில் இப்படி இரண்டு பத்திகள் ஒத்திருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதியிருக்கிறார்கள் என்று எங்கள் தணிக்கையாளர் கேள்வியே கேட்காமல் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். அலை வரைபடம் ஒன்றுகூட இல்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிறுக்கல். பெயரும் இல்லை, மருத்துவப் பதிவு எண்ணும் இல்லை.

மறுநாள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போனோம். வரிசை நீளம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மருத்துவர் அந்த வழவழப்பான தாளை மேசை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சுண்டு விரல் மரக்கிறதா என்று முதலில் கேட்டார். இல்லை என்றார் அம்மா. மணிக்கட்டை மடக்கிச் சிறிது நேரம் பிடிக்கச் சொன்னார். அரை நிமிடத்துக்குள் விரல்கள் மதமதத்தன. பிறகு காலணியைக் கழற்றச் சொல்லி, அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். 10 கிராம் நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொட்டார். கணுக்காலில் சுத்தியலால் தட்டினார். முழங்கை ஓரத்து நரம்பு தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார். தொழுநோயில் அங்கே தடிக்கும் என்பதால் அதைப் பார்க்காமல் விடுவதில்லையாம். இத்தனைக்கும் பிறகே நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பரிசோதனை முக்கால் மணி நேரம் எடுத்தது. அங்கே உடனிருக்க என்னை அனுமதித்தார்கள். பேஸ்மேக்கர் எதுவும் பொருத்தியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அம்மாவின் கை சில்லென்று இருந்ததால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சூடேற்றினார்கள். தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகமும் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறைந்துவிடும் என்றும், குளிர்ந்த கையில் அளந்தால் நல்ல நரம்பும் நோயுற்றது போலத் தெரியும் என்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பெருவிரலின் அடித் தசையில் மின்முனையை ஒட்டி, மணிக்கட்டில் ஒரு முறையும் முழங்கையில் ஒரு முறையும் சிறு மின்துடிப்புக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பெருவிரல் தானாகத் துள்ளியது, அம்மா சிரித்துவிட்டார். இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரத்தை டேப்பால் அளந்து, தசை துடிக்க எடுத்த நேரங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கிறது. 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்ததும் இதே கணக்குத்தான் என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் சொன்னார். வேகம் குறைந்தால் நரம்பின் மேலுறை பழுதென்றும், வேகம் ஓரளவு இருந்தும் அலையின் உயரம் குறைந்தால் உள்ளிழை பழுதென்றும் பிரித்தறிவதற்கு அலைப்படம் வேண்டும். படம் இல்லாத அறிக்கையை வைத்து எந்த மருத்துவரும் எதையும் சரிபார்க்க முடியாது.

முடிவு இதுதான். மணிக்கட்டிலிருந்து பெருவிரல் தசைக்கு மின்துடிப்புப் போய்ச்சேர வலக்கையில் 5.8 மில்லிவினாடி ஆயிற்று. நாலரைக்குள் இருக்க வேண்டியது. இடக்கையில் 4.9. சுண்டு விரலுக்குப் போகும் நரம்பு நன்றாக இருந்தது. கால் நரம்புகளின் வேகம் 44-க்கும் 48-க்கும் இடையில், வலமும் இடமும் சற்றே வேறுபட்டு, இயல்பாக இருந்தது. கார்ப்பல் டனல் என்று பெயர் சொன்னார்கள். மணிக்கட்டின் குறுகிய வழியில் மீடியன் நரம்பு நசுங்குவது. ஓயாமல் விரலையும் மணிக்கட்டையும் வளைத்துச் செய்யும் வேலைக்காரர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது வருகிறது. இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். தேறாவிட்டால் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் சிறிய அறுவை சிகிச்சை.

காலுக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். இந்தப் பரிசோதனை பருத்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. எரிச்சலையும் சூட்டையும் கடத்தும் மெல்லிய இழைகள் இதில் பிடிபடுவதில்லை. ஆகவே எண்கள் சரியாக இருந்தாலும் எரிச்சல் பொய்யாகிவிடாது என்றார். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்று இரத்தம் சோதிக்கச் சொன்னார். குறைவாகத்தான் இருந்தது, அதற்கும் மருந்து நடக்கிறது. தனியார் மையத்தில் பி12 என்ற பேச்சே எழவில்லை.

இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு அந்த மையத்துக்குப் போனேன். கணினியில் கோளாறு என்றார்கள், இலவசமாக மறுபடி எடுத்துத் தருகிறோம் என்றார்கள், முன்பணத்தைத் திருப்பும் வழக்கம் இல்லை என்றார்கள். பணம் வாங்கியதற்கு அவர்கள் தந்திருந்த சீட்டில் பரிசோதனை என்ற சொல்லே இல்லை; தெரபி என்று மட்டும் இருந்தது. மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு, அந்த மையம் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிட்டாயிற்று. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. அங்கே முதலில் கேட்டது சீட்டையும் அறிக்கையின் மூலத்தையும்தான். நல்லவேளையாக, கோபத்தில் அவற்றைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தேன்.

நேற்று ஆலங்குளம் சாலையில் ஒரு மின்கம்பத்தில் அதே முகாமின் அறிவிப்பைப் பார்த்தேன். மண்டபத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. வருகிற ஞாயிறு, காலை 9 மணி, பீடித் தொழிலாளர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருக்கிறார்கள்.